தபிதா அடித்த கத்தி

மன்னிப்புக் கேள் என்று தபிதாவிடம் சொல்வதற்குப் பதில், பிச்சாட்டூர் அணைத் தண்ணீரைப் பார்த்து மலைமேல் ஏறு என்று சொல்லலாம். தண்ணீராவது ஒருவேளை யோசித்துப் பார்க்கும். இது தெரியாத ஹரிபாபு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் கொட்டகையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் போன் செய்து அதைத்தான் சொன்னார்.

"மேடம், பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு நிமிஷம் வீடியோ. எங்க கத்தியில தப்பு நடந்துபோச்சு, சாரி, அவ்ளோதான். எங்க பேஜ்ல போட்டுடறோம். மேட்டர் க்ளோஸ். அடுத்த வாரம் நாப்பது பேரு வராங்க, இன்னும் நாப்பது கத்தி உங்ககிட்டயே எடுக்கறேன்."

"ஒடஞ்ச கத்திய நான் இன்னும் கண்ணாலயே பாக்கல. பாக்காததுக்கு எப்படிங்க சாரி சொல்றது?"

"வீடியோ பாத்தீங்க இல்ல?"

"வீடியோ பாத்தேன். கத்திய பாக்கல."

அந்த வீடியோவை அவள் மட்டுமா பார்த்தாள்? ஊரே பார்த்தது. பதினைந்து விநாடிதான். ஹரிபாபுவின் முகாமில் வேலை செய்யும் முனிசாமி, விருந்தினர் எதிரில் ஒரு புளியங்கட்டையைப் பிளக்கக் கத்தியை ஓங்குகிறார். இரண்டாவது வெட்டில் கத்தி நடுவில் முறிகிறது. நுனித்துண்டு பறந்து அவருடைய கணுக்காலுக்கு மேல் கிழிக்கிறது. யாரோ அய்யய்யோ என்று கத்துகிறார்கள். படம் பிடித்த புண்ணியவான் அதோடு விட்டானா? கைப்பிடிக்குப் பக்கத்தில் பொறித்திருந்த 'த' என்ற எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி, 'பிச்சாட்டூர் தபிதா கத்தி, வாங்காதீர்கள்' என்று எழுதிவிட்டான்.

ஹரிபாபு யார் என்று சொல்லிவிட வேண்டும். திருப்பதியில் அவருக்கு ஒரு ஆபீஸ். சந்திரகிரி தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, அதில் கூடாரம் அடித்து, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற ஐ.டி. கம்பெனி ஆட்களுக்குக் காட்டில் பிழைப்பது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறார். ஈர விறகில் தீ மூட்டுவது, மூங்கில் சீவி முளை அடிப்பது, இலைதழை வெட்டிக் குடிசை போடுவது எல்லாம் உண்டு. பிரியாணி மட்டும் திருப்பதியிலிருந்து வேனில் வரும். அந்த வகுப்புக்காகத்தான் பத்து மாதத்துக்கு முன்னால் தபிதாவிடம் இருபது போலோ கத்தி வாங்கினார்.

போலோ என்றால் பிலிப்பைன்ஸ் நாட்டு விவசாயிகள் வைத்திருக்கும் வெட்டுக்கத்தி. கைப்பிடிப் பக்கம் ஒடுங்கி, நுனிக்குப் போகப் போக வயிறு பெருத்து, பாரமெல்லாம் முன்னால் இருக்கும். ஓங்கிவிட்டால் போதும், மிச்சத்தைக் கத்தியே பார்த்துக்கொள்ளும். தபிதாவின் தம்பி சைமன் கத்தாரில் வேலை பார்த்தபோது, அறையில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்புகையில் அவனுக்கு ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார். சைமன் அதை அக்காவுக்குக் கொண்டுவந்தான். மற்ற அக்காமார்கள் சென்ட் பாட்டில் கேட்பார்கள். இவள் அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டுபோய் முதல் வேலையாக இரண்டாக அறுத்து உள்ளே இரும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். சைமன் ஒரு வாரம் பேசவில்லை.

இரும்பைப் பற்றி அவளுக்குத் தெரியும். சித்தூரில் பிறந்து, டிப்ளமா முடித்து, சத்தியவேடு பக்கம் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். இரும்பை உலையில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, அது எத்தனை கெட்டி ஆனது என்று அளந்து கையெழுத்துப் போடும் வேலை. ஒரு நாள் ஒரு லாட் அச்சாணி தேறவில்லை. மேனேஜர் வந்து, கையெழுத்துதானே, போட்டுவிடம்மா என்றார். "அது ஒடஞ்சா வண்டியில இருக்கறவன் சாவான் சார். உங்க பேனாவாலயே நீங்க போடுங்க" என்றாள். மறுநாள் அவளை ஸ்டோருக்கு மாற்றிக் கையுறை அடுக்க விட்டார்கள். ஒரு வாரம் அடுக்கினாள். எட்டாம் நாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். "இவளுக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய் தூக்கிக்கினு போயிருக்கும்" என்று அவள் அம்மா மேரி சொன்னதில் பாதி வருத்தம், பாதி பெருமை.

அவள் கணவர் பிரகாசம், புத்தூர் ரோட்டில் லாரிகளுக்குக் கமான்பட்டை மாற்றுகிற மெக்கானிக். லாரியின் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்கிற பட்டை அது. கழற்றிப் போட்ட பழைய பட்டைகள் அவர் ஷெட்டில் மலையாகக் கிடந்தன. தபிதாவுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டாள். கேஸ் உலை ஒன்று கட்டினாள். மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து பன் சுடும் அடுப்பை வாங்கிவந்தாள். பழைய பட்டையில் விரிசல் இருக்கலாம் என்பதால், ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சாக்பீஸ் தூளைத் தூவிப் பார்ப்பாள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு தெரியும், தூக்கி எறிந்துவிடுவாள். நல்ல பட்டையை அடித்து, எண்ணெயில் முக்கி, பேக்கரி அடுப்பில் இரண்டு முறை சுட்டு எடுப்பாள். கடைசியில் கத்தியை, பெஞ்சில் பொருத்திய வைஸ் என்ற இரும்புப் பிடிப்பானில் முடுக்கி, கைப்பிடியைப் பிடித்து, தன் எழுபது கிலோவையும் போட்டு இழுப்பாள். கத்தி வளைந்து, விட்டதும் நிமிர வேண்டும். முறிவதாக இருந்தால் இங்கேயே முறிந்து தொலையட்டும் என்பது அவள் கட்சி. நாலு வருஷத்தில் வெளியே போன கத்தி ஒன்றுகூட முறிந்ததில்லை, இந்த வீடியோ வரும்வரை.

வீடியோ வந்த மூன்று நாளில் ஐந்து பேர் ஆர்டரை ரத்து செய்தார்கள். பெங்களூரில் அவள் கத்தியை விற்ற கடைக்காரர், இப்போதைக்கு அனுப்பாதீர்கள் என்றார். லாரிக் குப்பையில் கத்தி அடித்தால் இப்படித்தான் என்று ஒருவன் எழுதினான். பொம்பளைக்கு அரிவாள்மனை போதாதா என்று இன்னொருவன் எழுதினான். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, சபைப் பெண் ஒருத்தி மிகுந்த அக்கறையோடு, "தபிதா, அது உங் கத்தி இல்லதானே?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"என் கத்திதான். 'த' போட்டிருக்கே, உனக்குப் படிக்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் போனுக்கு அப்புறம் பிரகாசம் சாப்பிட வந்தார். அவர் நல்ல மனிதர். சண்டை என்றாலே அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்.

"சாரின்னு சொன்னா வாய் தேஞ்சா போவும்? சொல்லிட்டுப் போயேன். இன்னும் நாப்பது கத்தி எடுக்கறேன்றாரு மனுசன்."

"குட்டக் குட்ட குனிய சொல்றீங்களா?"

"குனியறது இல்ல தபிதா. பொழப்பு."

"எங்க கத்தியில தப்புன்னு நானே சொன்னா, அப்புறம் எந்தக் கத்திங்க விக்கும்? அதுக்கு மேல என்னா பொழப்பு? கொட்டாய பூட்டிட்டு மறுபடி கையுறை அடுக்கப் போவட்டா?"

பிரகாசம் ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். அவள் சொன்னது அவருக்கும் சரி என்றுதான் பட்டது.

ஆனால் அவள் பயந்தாள். உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம்? சாக்பீஸ் தூளுக்கும் தப்பிய விரிசல் ஒன்று இருந்திருந்தால்? அடுப்பு ஒரு நாள் சரியாகச் சூடேறாமல் இருந்திருந்தால்? ஒரு மனுசன் காலில் ஆறு தையல் போட்டிருக்கிறார்கள். அது தன் கையால் நடந்தது என்றால் சாரி என்ற ஒரு வார்த்தை எந்த மூலைக்கு? கத்தியைப் பார்த்தாக வேண்டும். பார்த்துத் தன்னுடைய தப்பு என்றால் கொட்டகையை மூடிவிடுவது, இல்லை என்றால் அந்த ஹரிபாபுவை அவர் வீடியோவிலேயே சாரி சொல்ல வைப்பது. இரண்டில் ஒன்று என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, பிரகாசத்தின் மினி வேனில், பெஞ்சோடு சேர்த்து வைஸை ஏற்றிக்கொண்டு, புத்தூர், ரேணிகுண்டா வழியாகப் போனார்கள். நேரில் வருகிறேன் என்றதும், வீடியோ எடுக்கத்தான் வருகிறாள் என்று ஹரிபாபு நினைத்துக்கொண்டார். மாமரத்தடியில் போனை ஸ்டாண்டில் மாட்டித் தயாராக வைத்திருந்தார். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்தும் வைத்திருந்தார்.

"ரண்டி ரண்டி மேடம். டீ சாப்டுங்க மொதல்ல" என்று தெலுங்கும் தமிழுமாக வரவேற்றார்.

"டீ அப்பறம். கால்ல பட்டவரு எங்க?"

முனிசாமி சமையல் கொட்டகையில், கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டியபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நகரிப் பக்கத்து விவசாயி. போர்வெல்லில் தண்ணீர் வற்றியபின் இங்கே வந்து சேர்ந்தவர். முகாமில் சமையல், விறகு, கூடாரம், சாமான்கள் பாதுகாப்பு எல்லாம் அவர்தான். தபிதாவை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கத்திகள் பார்சலில் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து முகாமுக்கு வந்தவை.

"கால் எப்படிண்ணா இருக்குது?"

"காலு கெடக்குதும்மா, ஆறிப்புடும். அவ்ளோ நல்ல கத்தி, போச்சேன்னுதான் மனசு ஆறல."

திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள் தபிதா.

முறிந்த துண்டுகளைக் கேட்டால், குப்பையோடு போய்விட்டது என்றார் ஹரிபாபு. சரி, போகட்டும். வேனிலிருந்து பெஞ்சை இறக்கச் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு போலோவை வைஸில் முடுக்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி இழுத்தாள். கத்தி வளைந்தது. விட்டாள். ங்ஙொய் என்று ஒரு சத்தம் போட்டு நிமிர்ந்து நின்றது. அங்கே வேலை செய்கிற நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள்.

"இதுதான் என் கத்தி. இப்ப உங்கள்து ஒண்ணு குடுங்க. நீங்களே பொறுக்கிக் குடுங்க."

மிச்சமிருந்த பத்தொன்பதில் ஒன்றை ஹரிபாபு எடுத்துக் கொடுத்தார். ஸ்டாண்டில் இருந்த போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அவர் நிறுத்தவில்லை. தபிதா முடுக்கினாள், பிடித்தாள், இழுத்தாள். ஒரு கை அகலம்கூட வளையவில்லை. டப்பென்று அப்பளம் மாதிரி முறிந்து, கைப்பிடியோடு அவள் போய் மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பிரகாசம் தரையைப் பார்த்தார். ஹரிபாபு போனைச் சரி செய்வதுபோல ஒரு தடவை தொட்டுவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இப்பவாச்சும் பேப்பர பாத்து படிக்கறீங்களா மேடம்?" என்றார்.

தபிதாவுக்குக் காது இரண்டும் எரிந்தது. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். கையில் இருந்தது அவள் அடித்த கத்தி, அவள் பொறித்த 'த'. நாலு வருஷமும், அதற்கு முந்தைய பதினோரு வருஷமும் பொய் என்று ஆகிவிட்ட மாதிரி இருந்தது. அழுகை வந்தது. அழுதால் அதுவும் படத்தில் ஏறும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் இருந்த கத்தியின் முறிந்த இடத்தைப் பார்த்தாள்.

பார்த்தவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏங்க, என் பையில ஒரு துண்டு பட்டை கெடக்கும். எடுங்க."

கத்தி அடிக்குமுன் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு விரல் அளவு வெட்டி, அதையும் கத்தி போலவே முக்கிச் சுட்டு, பிறகு அடித்து உடைத்து உள்ளே பார்த்து, எண் எழுதிப் போட்டு வைப்பது அவள் வழக்கம். அந்த இருபது கத்தியும் ஒரே லாரியில் கழற்றிய பட்டைகளில் அடித்தவை. அவற்றின் துண்டு ஒன்றைத்தான் எடுத்துவந்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஹரிபாபுவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். துண்டு, சலித்த சாம்பல்போல மங்கலாக, நுண்ணியதாக இருந்தது. முறிந்த கத்தியோ உடைத்த கற்கண்டு மாதிரி பெரிய பெரிய மணியாகப் பளபளத்தது.

"ஒரே லாரி பட்டைங்க இது ரெண்டும். எங்கிட்ட இருந்து வந்தப்ப உள்ள இப்படி இல்ல. இத பாருங்க." கைப்பிடிக் கட்டையின் முன்விளிம்பை நகத்தால் சுரண்டினாள். மேலே எண்ணெய் போட்டு மினுக்கியிருந்த புளியங்கட்டையின் அடியில் கறுப்பாகக் கருகியிருந்தது. "இந்தக் கத்திய நெருப்புல வெச்சது யாரு?"

ஹரிபாபு விழித்தார். வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சமையல் கொட்டகைப் பக்கமிருந்து முனிசாமி ஒற்றைக்காலைத் தாங்கித் தாங்கி வந்தார். அவர் முகத்தில் திருட்டுக் களையே இல்லை. வேலை செய்தவன் கூலிக்கு வருகிற மாதிரி வந்தார்.

"நாந்தாம்மா. இருவதுக்கும் தொவச்சல் போட்டுகினு வந்தேன்."

துவைச்சல் என்றால் அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெல்லறுப்புக்கு முன்னால் வீட்டிலிருக்கும் அரிவாளையெல்லாம் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். கொல்லர் அதன் கூர்வாயைச் சிவக்கக் காய்ச்சி, சொய்யென்று தண்ணீரில் அமுக்கி எடுத்துத் தீட்டித் தருவார். அரிவாளுக்கு அது வருஷாவருஷம் செய்கிற மரியாதை. செய்யாதவனைச் சோம்பேறி என்பார்கள்.

"சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நம்ம மச்சான் பட்டறைக்கு மூட்டை கட்டிக்கினு போனேன். ஒரு கூடை மாங்கா குடுத்தேன், ஒரு நாளு பூரா குந்திப் போட்டுக் குடுத்தான். கைப்பிடி எரியக்கூடாதுன்னு ஈரச்சாக்க நாந்தான் சுத்தினேன். அப்பறம் எமரி போட்டு நானே தேச்சேன். இவுங்கல்லாம் கத்திய மண்ணுல குத்தி வெச்சிட்டுப் போறவுங்க. ஒருத்தராச்சும் பாத்துக்க வேணாமா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அதுதான். தபிதா அவருக்கு மெதுவாகச் சொன்னாள். இது அரிவாள் இரும்பு இல்லை அண்ணா, லாரியைத் தாங்கின இரும்பு. இதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமுக்கினால் கண்ணாடி ஆகிவிடும். எண்ணெயில்தான் முக்க வேண்டும், அப்புறமும் அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். அவர் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"அப்ப எங்கையாலயேவா கெடுத்தேன்? இருவதையுமா?"

அதற்குள் ஹரிபாபு ஆளே மாறிவிட்டார். "சூப்பர் மேடம்! அப்ப உங்க தப்பும் இல்ல, எங்க தப்பும் இல்ல. இந்தாளு தப்பு. இதையே கேமராவ பாத்து சொல்லிடுங்க. உங்க பேரும் நிக்கும், என் பேரும் நிக்கும்." முனிசாமி பக்கம் திரும்பி, "உன்ன யாரு இத செய்ய சொன்னது? நாளைலேந்து வரவேணாம் நீ. போ" என்றார்.

தபிதா கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. கத்தியில் குற்றமில்லை என்று ஊருக்கே காட்டலாம். பெங்களூர்க் கடைக்காரர் திரும்ப வருவார். சபைப் பெண்ணுக்கும் பதில் ஆயிற்று. போன் எதிரில் போய் நின்று நாலு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

முனிசாமி கெஞ்சவில்லை. "போறேன் சார். வாங்கினது நீங்க, வெட்டினது வந்தவுங்க, தெனம் தொடச்சது நானு. தொடச்சவந்தான் குத்தவாளி. இருக்கட்டும்" என்றார். பிறகு தபிதாவைப் பார்த்தார். "ஏம்மா, இவ்ளோ தெரிஞ்சிருக்கியே. இத நெருப்புல காட்டாதீங்கன்னு ஒரு வார்த்த எழுதிப் போட்டிருந்தா, நான் காட்டியிருப்பனா?"

சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் இதே வார்த்தையைச் சைமன் ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அக்கா, ஒவ்வொரு கத்தியோடயும் ஒரு சீட்டு வை, எப்படி வெச்சிக்கணும்னு எழுது என்றான். இரும்பைத் தொடத் தெரிந்தவனுக்குச் சீட்டு எதற்கு, தெரியாதவன் என் கத்தியை வாங்கவே வேண்டாம் என்று அவனை விரட்டினவள் அவள். இந்தத் தோட்டத்திலேயே இரும்பைத் தொடத் தெரிந்தவர் ஒருவர்தான் உண்டு. அவர் காலில்தான் ஆறு தையல்.

ஹரிபாபுவின் அச்சடித்த தாளை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிரகாசத்தைக் கூப்பிட்டு, "உங்க போன்ல எடுங்க. நம்ம பேஜ்ல போடறதுக்கு" என்றாள். முனிசாமியின் தோளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் உதறப் பார்த்தார், விடவில்லை.

"என் பேரு தபிதா. பிச்சாட்டூரு. வீடியோவுல ஒடஞ்சது நான் அடிச்ச கத்திதான். நான் அடிச்சப்ப அதுல ஒரு குத்தமும் இல்ல, யாருக்கு சந்தேகமோ வாங்க, வைஸுல மாட்டி இழுத்துக் காட்டறேன். அப்பறம் அதுக்குத் தொவச்சல் போட்டுட்டாங்க. போட்டவரு இவருதான், முனிசாமி அண்ணன். நம்ம ஊருல இரும்ப மதிக்கறவன் எவனா இருந்தாலும் அதத்தான் செய்வான். இது அருவா இல்ல, நெருப்புல காட்டாதீங்கன்னு நான் சொல்லி அனுப்பியிருக்கணும். சொல்லல. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்னு ஒரு திமிரு எனக்கு. அந்தத் திமிரால இவரு காலு கிழிஞ்சிது. அதுக்கு இவருகிட்ட சாரி கேக்கறேன். இவருகிட்ட மட்டும். வேற எவன்கிட்டயும் இல்ல."

பிரகாசம் போனை இறக்கினார்.

"இதெல்லாம் எதுக்கு மேடம்? இத நான் போட முடியாது" என்றார் ஹரிபாபு.

"உங்கள யாரு போடச் சொன்னா? கேளுங்க. மிச்சம் பதினெட்டு கத்தி இருக்குது. பதினெட்டும் இப்ப கண்ணாடி. எவன் எடுத்து ஓங்கினாலும் இன்னொரு காலு போவும். எடுத்துக்கினு போயி, கைப்பிடி கழட்டி, மறுபடி மொதல்லேந்து செஞ்சித் தரேன். அடுத்த வாரம் நாப்பது பேரு வராங்கன்னீங்க இல்ல? அதுக்குள்ள வரும். ஆனா இந்த அண்ணன் கையிலதான் குடுப்பேன். இவரு இங்க வேலையில இல்லன்னா ஒரு கத்தியும் திரும்பி வராது."

"மெரட்றீங்களா?"

"ஆமா."

ஹரிபாபு பிரகாசத்தைப் பார்த்தார், ஆம்பளையாவது ஏதாவது சொல்வார் என்று. சண்டைப் பக்கம் தலை வைத்துப் படுக்காத பிரகாசம், வைஸைப் பெஞ்சோடு தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டே, "அவ சொன்னா சொன்னதுதாங்க சார். பதினோரு வருசம் பாத்த வேலையவே வுட்டுட்டு வந்தவ" என்றார். ஹரிபாபு அச்சடித்த தாளை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், சட்டைப்பையில் வைத்தார்.

"சரேலேண்டி, சரி. இருக்கட்டும் இவன். கத்தி மட்டும் டயத்துக்கு வரணும்."

முனிசாமி நன்றி சொல்வார் என்று நினைத்தீர்களா? அவர் பதினெட்டுக் கத்தியையும் சாக்கில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு, நொண்டியபடி வேனுக்கு வந்தார். சாக்கைத் தபிதாவிடம் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்கண்ணா கெளம்பிட்டீங்க?"

"உங்கூடத்தான். எண்ணெயில எப்படி முக்கறே, அடுப்புல எவ்ளோ நேரம் வெக்கறே, அத்தனையும் பக்கத்துல குந்தி நான் கண்ணால பாக்கணும். நீ வாயத் தொறந்து சொல்ற ஆளு இல்லன்னு தெரிஞ்சிபோச்சே. இனிமே உன்ன நம்பறதா இல்ல."

கட்டுப்போட்ட காலை அவர் நன்றாக நீட்டிக்கொள்ளட்டும் என்று தபிதா முன்கதவைச் சாத்திவிட்டு, பின்னால் ஏறி, வைஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.